கரும்பலகையின் இடது பக்கம்

ஆங்கில வகுப்பில் புதிய உரைநடைப் பாடம் தொடங்குகிற அன்று, ஆசிரியர் செய்யும் முதல் காரியம் கரும்பலகையின் இடது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘ஹார்ட் வேர்ட்ஸ்’ என்று தலைப்பு. அதன் கீழே பதினைந்து, இருபது சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ் அர்த்தம். பையன்கள் அதை நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் பாடம். கோவில்பட்டிப் பக்கம் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 1986-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதுதான் வழக்கம். 2021-இல் ஓய்வு பெற்றபோதும் பல வகுப்புகளில் இதுதான் வழக்கம். இடையில் பாடநூல் எத்தனையோ முறை மாறிவிட்டது. பிளஸ் டூவில் இரண்டு தாளாக 200 மதிப்பெண்ணுக்கு இருந்த ஆங்கிலம், ஒரே தாளாகி 100-க்கு வந்துவிட்டது. பலகை பச்சை நிறமாகிவிட்டது. அந்தக் கோடு மட்டும் இடம் பெயரவில்லை.

எது ‘ஹார்ட்’ என்று யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் சொல்லின் நீளம். அப்புறம் ஸ்பெல்லிங். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் கைடு. கைடில் தடித்த எழுத்தில் இருந்தால் அது ஹார்ட் வேர்ட். பையனுக்கு உண்மையில் எந்தச் சொல் தெரியவில்லை என்று அவனிடம் கேட்கும் வழக்கம் கிடையாது.

கைடு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூலை மாதம் கடைக்கு கைடு வந்து இறங்கியதும், ‘அண்ணாச்சி, பிளஸ் டூ இங்கிலீஷ்’ என்று வரிசை நிற்கும். அதில் பாடச்சுருக்கம், கட்டுரை எல்லாம் இருந்தாலும், அதிகம் கசங்கிப்போகிற பக்கங்கள் சினானிம்ஸ், ஆன்டனிம்ஸ் அட்டவணைதான். சிலர் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துத் தனியாகப் பின் அடித்து வைத்திருப்பார்கள். பஸ்ஸில் படிக்க, தேர்வறை வாசலில் படிக்க. ஒரு பக்கம் ஒரு சொல், எதிரே இன்னொரு சொல். ஜோடி ஜோடியாக மனப்பாடம். ‘அபாண்டன்’ என்றால் ‘கிவ் அப்’. சரி, ‘கிவ் அப்’ என்றால் என்ன என்று கேட்டால் பையன் முழிப்பான். அது கேள்வித்தாளில் வராது. அவன் கணக்கில் அந்தச் சொல் முடிந்துபோன சொல்.

தேர்வில் அவனுக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. கேள்வியில் ஒரு சொல் அடிக்கோடிட்டு இருக்கும், கீழே நான்கு விடைகள். வாக்கியத்தை வாசிக்காமலே ஜோடியைக் கண்டுபிடித்து எழுதிவிடலாம். பிளஸ் டூ திருத்தும் முகாமில் நாள் கணக்காக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மதிப்பெண் பகுதியில் அத்தனையும் சரியாக எழுதிய தாளைத் திருப்பினால், அடுத்த பக்கத்துப் பத்தியில் ஒரு வாக்கியம்கூடக் காலில் நிற்காது. ஒரே கை எழுதியதுதானா என்று சந்தேகமே வரும்.

மனப்பாடம் செய்த ஜோடியைத் துணிந்து பயன்படுத்துகிற பையன்களும் உண்டு. அவர்களை எனக்குப் பிடிக்கும். பதினொன்றாம் வகுப்பில் ஒருவன் லீவ் லெட்டர் கொடுத்தான். காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் பள்ளியை ‘அபாண்டன்’ செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ‘லீவ்’ என்பதற்கு எதிரே கைடில் ‘அபாண்டன்’ இருந்திருக்கிறது. இன்னொருவன் ‘கமிட்’ என்பதற்கு ‘செய்’ என்று படித்துவிட்டு, ‘ஐ கமிட்டட் மை ஹோம்வொர்க்’ என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் சிரிப்புக்குரியது என்று அவர்களுக்கும் தெரியாது. ‘கமிட்’ குற்றத்தோடும் தப்போடும்தான் சேரும், வீட்டுப்பாடத்தோடு சேராது என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. சொல்லுக்கு அர்த்தம் இருப்பது போலவே சேர்க்கையும் உண்டு. டீக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்கிறோம். ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ என்று யாரும் கேட்பதில்லை. இந்த உதாரணத்தைச் சொன்ன பிறகு வகுப்பு கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

பையன்கள் தாங்களாகவே கண்டுபிடித்த உத்திகளும் இருந்தன. அவற்றை நான் தடுக்கவில்லை. ‘அடமன்ட்’ என்றால் அடம்பிடிப்பவன். ‘கேண்டிட்’ என்றால் கண்டதைக் கண்டபடி சொல்பவன். ‘மொரோஸ்’ என்றால் முறைச்சுக்கிட்டே இருப்பவன். யாரோ ஒரு தலைமுறைப் பையன்கள் செய்துவைத்தது, அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்துகொண்டே இருந்தது. அட்கின்சன் என்ற உளவியலாளர் 1975-இல் அமெரிக்காவில் ரஷ்ய மொழி படித்த மாணவர்களை வைத்து, ஒலி ஒற்றுமையைப் பிடித்துச் சொல்லை நினைவில் வைக்கும் இதே முறையைச் சோதித்து, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார். எங்கள் பையன்களுக்கு அட்கின்சனைத் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுப்பேன்: இது சொல்லை வாசல்வரை கொண்டுவந்து விடும், உள்ளே கூட்டிப்போகாது. ‘அடமன்ட்’ தெரிந்த பையனுக்கு அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லத் தெரிந்தால்தான் கணக்கு.

தமிழ் அர்த்தம் சொல்லலாமா கூடாதா என்பது அந்தக் காலத்தில் பெரிய சண்டை. ஆங்கில வகுப்பில் தமிழ் காதில் விழவே கூடாது என்ற கட்சி அதிகாரிகளிடம் செல்வாக்காக இருந்தது. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாடம் நடத்தியவர் என் சக ஆசிரியர். ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லைத் தமிழ் கலக்காமல் விளக்க வேண்டும். மேஜைப் பக்கம் போனார், நின்றார், திரும்பி வந்தார், தலையை ஆட்டினார், மறுபடி போனார். பத்து நிமிஷம் நடிப்பு. முடித்துவிட்டு ‘அண்டர்ஸ்டுட்?’ என்று கேட்டதும் முன்பெஞ்சுப் பையன் எழுந்து ரகசியமாகப் பக்கத்துப் பையனிடம் ‘சாருக்குக் கால் வலியாம்டா’ என்றான். ‘மனசில்லாம’ என்று ஒரு சொல் சொன்னால் ஒரு நொடி. மீதி ஒன்பதே முக்கால் நிமிஷத்தில் அந்தச் சொல்லை நாலு வாக்கியத்தில் புழங்கவிட்டிருக்கலாம். தமிழில் அர்த்தம் சொல்வது தவறே அல்ல. அர்த்தம் சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. இதை அன்று அதிகாரியிடம் சொல்கிற வயதும் பதவியும் எங்களுக்கு இல்லை.

பையனிடம் கேட்கும் வழக்கம் இல்லை என்றேன் அல்லவா, ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். பாடத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். வந்தவை எதிர்பார்த்தவைதான், நீளமான சொற்கள். அப்புறம் கோடு போடாத வாக்கியங்களுக்குத் தமிழில் பொருள் எழுதச் சொன்னேன். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. ‘தி ஓல்ட் மேன் ஹார்ட்லி ஸ்போக்’ என்று ஒரு வாக்கியம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘கிழவர் கடுமையாகப் பேசினார்’ என்று எழுதியிருந்தார்கள். ‘ஹார்ட்’ தெரியும், ‘லி’ சேர்த்தால் ‘ஆக’ என்று இலக்கணத்தில் படித்திருக்கிறார்கள், ஆகவே கடுமையாக. கிழவர் அநேகமாகப் பேசவே இல்லை என்பதுதான் பொருள். அந்த ஒரு சொல் புரண்டதில், அதிகம் வாய் திறக்காத துக்கக்காரக் கிழவர் சிடுசிடுப்பான கிழவராகிக் கதை முழுவதும் வேறு கதையாகிவிட்டது. அதே பையன்கள் அதே பாடத்தில் ‘மெலங்கலி’ என்பதற்குச் சரியான சினானிம் எழுதியவர்கள்.

அதற்குப் பிறகு இந்த மாதிரிச் சொற்களைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினேன். ‘அன்லெஸ்’, ‘ஆல்தோ’, ‘இன்ஸ்டெட்’, ‘வெதர்’, ‘இதர்’, ‘பேர்லி’. ‘ஃபியூ’ என்பதற்கும் ‘அ ஃபியூ’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் தெரிந்த சொல் என்றே பையன் நம்புகிறான். ஆசிரியரும் நம்புகிறார். ஹார்ட் வேர்ட்ஸ் பட்டியலில் அவற்றுக்கு இடமே கிடையாது.

இதன் அடுத்த கட்டத்தை எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய மாணவன். தீப்பெட்டி ஆலை மேஸ்திரியின் மகன். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி, அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். முதல் வருஷம் பொங்கல் லீவுக்கு வந்தபோது வீட்டுக்கு வந்திருந்தான். முகம் சரியில்லை. டெக்னிக்கல் சொல் எல்லாம் இங்கிலீஷில் இருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

‘அது இல்ல சார். மின்தேக்கிய கெப்பாசிட்டர்னு ஒரு வாரத்துல பழகிட்டேன். புக்குல ஒரு பக்கத்துக்கு அப்படி நாலு சொல்லுதான் இருக்கு, அதுக்கும் படம் போட்டிருக்கான். அஸ்யூம், ஹென்ஸ், வெயர்ஆஸ், நெக்லிஜிபிள்... இதுதான் சார் ஓட மாட்டேங்குது.’

பையில் இருந்த புத்தகத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினான். இரண்டு மின்தடைகள், முதலாவது ஐந்து ஓம், அடுத்தது ஏழு ஓம், ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்று இருந்தது. முதல் மாதம் முழுக்க அதை ‘மரியாதையுடன்’ என்றே வாசித்திருக்கிறான். பள்ளியில் கடிதம் எழுதும்போது கடைசியில் ‘யுவர்ஸ் ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ போட்டுப் பழகியவன். மின்தடைக்கு எதற்கு மரியாதை என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். அவன் வகுப்பில் கான்வென்ட் பையன்கள் பாதி.

அவன் தடுக்கி விழுந்த சொற்கள் அன்றாடப் பேச்சில் அதிகம் வராதவை. கைடில் தடித்த எழுத்தில் வருகிற ஆடம்பரச் சொற்களும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. பாடப்புத்தகம் என்று எதைத் திறந்தாலும், இயற்பியலோ பொருளாதாரமோ, அவை இல்லாமல் ஒரு பக்கம் நகராது. ஆனால் அவற்றைச் சொல்லித் தருவது யார் பொறுப்பு? இயற்பியல் ஆசிரியர் அது இங்கிலீஷ் என்பார். இங்கிலீஷ் ஆசிரியர் அது பாடத்தில் இல்லை என்பார்.

இதைப் பற்றி யோசித்தவர்கள் எனக்கு முன்பே இருக்கிறார்கள் என்பது பெங்களூரில் தென்னிந்திய ஆங்கில நிறுவனத்துப் பயிற்சியின்போதுதான் தெரிந்தது. மைக்கேல் வெஸ்ட் என்று ஒருவர். வெள்ளைக்காரர் காலத்தில் டாக்காவில் கல்வித் துறையில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் வருஷக்கணக்காக ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாங்களாக வாசிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்து, 1920-களில் அவர்களுக்காக வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தார். அபூர்வமான சொற்களை எடுத்துவிட்டுப் புழக்கத்தில் உள்ள சொற்களைப் போட்டார். புதுச் சொல் வந்தால் அது திரும்பத் திரும்ப வரும்படி எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்கள்தான். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவையே நிரப்பிவிடுகின்றன. நியூசிலாந்தில் காக்ஸ்ஹெட் என்ற பெண்மணி 2000-ஆம் ஆண்டில், அந்த 2000 சொற்களைக் கழித்துவிட்டு, கல்லூரிப் புத்தகங்களில் எல்லாத் துறைகளிலும் அடிக்கடி வருகிற சொற்களை எண்ணிப் பார்த்தார். 570 சொற்குடும்பங்கள் தேறின. கல்லூரிப் பாடநூல் ஒன்றின் பக்கத்தில் சுமார் 10 சதவீதம் அவைதான். அந்தப் பட்டியல் என் கைக்கு வந்தபோது முதலில் தேடியது பொங்கலுக்கு வந்த பையன் சொன்ன சொற்களை. ‘அஸ்யூம்’ இருந்தது, ‘ஹென்ஸ்’ இருந்தது, ‘வெயர்ஆஸ்’ இருந்தது. ‘டெரைவ்’, ‘வேரி’, ‘கான்ஸ்டன்ட்’ எல்லாம் இருந்தன. எங்கள் கைடு அட்டவணையோடு ஒப்பிட்டால் பொதுவாக இருந்தது மிகக் கொஞ்சம்.

சரி, இவற்றை எப்படிப் படியவைப்பது? இதில் எனக்கு உதவியது பாடநூல் அல்ல, கிரிக்கெட்.

தலைமையாசிரியர் அறைக்கு வரும் ‘தி இந்து’ சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எங்களுக்குக் கிடைக்கும். அதன் விளையாட்டுப் பக்கத்தை மறுநாள் காலையில் பதினொன்றாம் வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவேன். கேள்வி கிடையாது, டெஸ்ட் கிடையாது. முதல் வாரம் படம் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் ஸ்கோர் பார்த்தார்கள். மூன்றாவது வாரம், ‘சார், பிரிஸ்க் ஃபிஃப்டின்னா என்ன சார்?’ என்று ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன், ‘சீக்கிரமா அடிச்சதுடா. பந்தப் பாரு, 43 பந்துல’ என்றான். என்னிடம் கேட்கவே அவசியமில்லாமல் போயிற்று. ரேடியோவில் கேட்டு, மாட்ச் எப்படிப் போனது என்று ஏற்கெனவே தெரியும். தெரிந்த கதையை ஆங்கிலத்தில் வாசிக்கிறான். தெரியாத சொல்லின் இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம் நிற்கிறது. ‘ரெஸ்யூம்’, ‘ஓவர்காஸ்ட்’, ‘கொலாப்ஸ்’, ‘டிக்ளேர்’, ‘கன்சிஸ்டன்ட்’, ‘க்ரூஷியல்’, ‘டெஸ்பைட்’. ஒரு டெஸ்ட் மாட்ச் ஐந்து நாள் நடந்தால் அந்த ஐந்து நாளும் அதே சொற்கள் வந்துகொண்டிருக்கும். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர்; ஹாக்கிச் செய்தி வந்தால் கூட்டம் இன்னும் அதிகம்.

1999 ஜனவரி கடைசியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வாரம் ‘ஒவேஷன்’ என்ற சொல்லுக்கு எங்கள் வகுப்பில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரியில் டெல்லியில் கும்ப்ளே ஓர் இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது, ஆங்கிலத்தில் நாலு வரி தாண்டாத பையன்கள் முக்கால் பக்கம் எழுதினார்கள். பிழைகள் நிறைய. ஆனால் ‘கமிட்டட் மை ஹோம்வொர்க்’ வகைப் பிழைகள் இல்லை. சொற்கள் எந்தக் கூட்டத்தோடு பேப்பரில் வந்தனவோ அதே கூட்டத்தோடு அவர்கள் கைக்கு வந்திருந்தன.

விளையாட்டில் ஆர்வமில்லாத பையன்களும் இருந்தார்கள். ஒருவனுக்கு பைக். ஒருவனுக்கு சினிமா. இன்னொருவனுக்கு ராக்கெட், செயற்கைக்கோள். அவரவர்க்கு ஏற்ற பக்கத்தைத் தேடிக் கொடுப்பது கொஞ்சம் அலைச்சல்தான்.

சொல்லைப் பகுத்துப் பார்க்கும் வித்தையும் நன்றாகப் பலன் தரும். தமிழ்ப் பையன்களுக்கு விகுதி, இடைநிலை என்று பிரித்துப் பழக்கம் உண்டு. ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்ப்பது என்று சொல்லிவிட்டால் ‘இன்ஸ்பெக்ட்’, ‘ஸ்பெக்டேட்டர்’, ‘ரெட்ராஸ்பெக்ட்’ என்று கோத்துக்கொண்டே போவார்கள். ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. முன்னால் ‘இன்’ வந்தால் எதிர்ப்பதம் என்று நடத்திய மறுநாள், நெடுஞ்சாலை ஓரத்து ஊரிலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்தான்.

‘சார், பெட்ரோல் டேங்கர்ல ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’னு போட்டிருக்கான். அப்ப அது தீப்பிடிக்கவே பிடிக்காதா சார்?’

தீப்பெட்டி ஊரில் பிறந்த பிள்ளை கேட்ட கேள்வி. ‘இன்ஃப்ளேம்’ என்பதே தீப்பற்றவைப்பது என்று பொருள்படும் வினைச்சொல், அந்த ‘இன்’ வேறு என்று விளக்கினேன். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் வெளிநாடுகளில் பல இடங்களில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுகிறார்கள். அன்றே ‘இன்வேல்யுபிள்’ பற்றியும் சொல்லிவிட்டேன். ‘வேல்யுபிள்’ என்பதற்கு எதிர்ப்பதம் கேட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

பெரிய பட்டியல்களை வைத்துப் போராடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அமெரிக்கா போவதற்கு ஜி.ஆர்.இ. எழுதுகிற காலம் 1990-களில் எங்கள் ஊருக்கும் வந்தது. பாரன்ஸ் புத்தகத்தில் 3500 சொற்கள், அகர வரிசையில். ‘அபேஸ்’, ‘அபேட்’, ‘அப்டிகேட்’ என்று தொடங்கும். பேசிப் பார்த்தால் எல்லோருக்கும் ‘ஏ’ வரிசை தண்ணீர் பட்ட பாடு. ‘எம்’ தாண்டியவனை நான் சந்தித்ததில்லை. நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ நல்ல புத்தகம், வேர்ச்சொல் வழியாகக் கொண்டுபோகும். அதுவும் பழைய புத்தகக் கடையில் எப்போது கிடைத்தாலும் முதல் சில அத்தியாயங்கள் மட்டும் அழுக்கேறி, மீதி புத்தம்புதிதாக இருக்கும். அதனால் நாட்டில் ‘இன்ட்ரோவெர்ட்’, ‘ஆம்பிவெர்ட்’ தெரிந்தவர்கள் ஏராளம். கடைசியில் அந்தத் தேர்வுகளே மாறிவிட்டன. 2011-இல் ஜி.ஆர்.இ. எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்விலும் 2016-இல் அரிய சொற்களைச் சோதித்த கேள்விகள் போயின. இப்போது ஒரு பத்தியைக் கொடுத்து, அங்கே ஒரு சாதாரணச் சொல் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

படித்தது மறந்துபோவதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்துவிட்டார்: படித்ததில் பெரும் பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் தங்கும். எங்கள் ஏற்பாடு கல்யாணப் பத்திரிகை. ஆவணி, தை முகூர்த்தம் முடிந்தால் வீட்டுக்கு வீடு குவிந்து கிடக்கும். பின்பக்கம் வெற்றாக இருக்கும் கெட்டி அட்டை. அதைச் சீட்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அது வந்த வாக்கியம், அதற்குக் கீழே அந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்கள். தமிழ் அர்த்தம் மூலையில் பென்சிலால். செருப்புக் கடை அட்டைப்பெட்டியை மூன்று அறையாகத் தடுத்து, தெரிந்த சீட்டு அடுத்த அறைக்கு, தடுமாறிய சீட்டு மறுபடி முதல் அறைக்கு. முதல் அறை தினமும், இரண்டாவது வாரம் ஒருமுறை, மூன்றாவது மாதம் ஒருமுறை. லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பிரபலப்படுத்திய முறை. இன்றைய செல்போன் செயலிகள் பலவும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. பீரியட் தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் போதும். வாரத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் சேர்க்கவிடமாட்டேன். முப்பது, நாற்பது என்று ஆசைப்படுகிற பையன்தான் தீபாவளிக்குள் பெட்டியை மூடுவான்.

2018-இல் புதிய பாடநூல்கள் வந்தன. நன்றாகவே தயாரித்திருந்தார்கள். கியூ.ஆர். கோடு, பாடத்துக்கு நடுவிலேயே சொற்பயிற்சி, வாசிப்புக்கு வெளிப் பகுதிகள். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று முன்பே சொல்லிவிடும் ப்ளூபிரிண்டும் போயிற்று; இந்தப் பாடத்தை விட்டுவிடலாம், அந்தப் பாடத்தில் ஒன்றும் வராது என்கிற பேச்சு குறைந்தது. அடுத்து கொரோனாவில் எல்லோர் கையிலும் செல்போன். இப்போது ஒரு சொல்லின் அர்த்தம் அரை நொடியில் திரையில் வந்துவிடுகிறது. முன்பு லிஃப்கோ டிக்‌ஷனரியைப் புரட்டும்போது தேடிய சொல்லோடு பக்கத்துச் சொல் இரண்டும் கண்ணில் படும். அது இப்போது இல்லை. அதற்காக செல்போனைத் திட்டமாட்டேன். கேம் விளையாடுகிற பையனுக்கு ‘சர்வைவ்’, ‘ஆப்ஜெக்டிவ்’, ‘எலிமினேட்’ எல்லாம் எந்த ஆசிரியரும் நடத்தாமல் வந்திருக்கிறது. கிரிக்கெட் பக்கம் செய்த அதே வேலை.

நான் எதிர்பாராத மாற்றம் ஒன்று உண்டு. ‘அரகன்ட்’ என்றால் இறுமாப்புள்ள என்று எழுதிப் போட்டேன். ‘இறுமாப்புன்னா என்ன சார்?’ என்று கேட்டார்கள். ‘திமிரு’ என்றதும் புரிந்தது. 1986-இல் அந்தக் கேள்வி வந்திருக்காது. ‘பெனவலன்ட்’ என்பதற்கு ‘தயாள குணம்’ என்றால் அதற்கு ஒரு விளக்கம், ‘ஃப்யூட்டைல்’ என்பதற்கு ‘வியர்த்தம்’ என்றால் அதற்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இடைசெவல். அங்கே பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைச் சேகரித்து 1982-இல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். அந்த மண்ணின் பிள்ளைகள் இவர்கள். மாட்டின் நிறத்துக்கும் மழையின் வகைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த வீட்டுப் பையனிடம், ‘கிளான்ஸ்’, ‘ஸ்டேர்’, ‘பீப்’ மூன்றும் பார்ப்பதில் மூன்று விதம் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வான். வீட்டில் தமிழ்ச் சொல் குறைந்துபோன பையனுக்கு மூன்றும் ‘பார்ப்பது’தான்.

இப்போதைய பிளஸ் டூ வினாத்தாளில், அகமதிப்பீடு போக மீதி 90 மதிப்பெண்ணில், சினானிமுக்கு மூன்று, ஆன்டனிமுக்கு மூன்று. அந்த ஆறுக்காக வருஷம் முழுவதும் ஜோடி மனப்பாடம் நடக்கிறது. கல்லூரியில் பையனைத் தடுக்கிவிடுகிற சொற்களுக்கு மதிப்பெண்ணும் இல்லை, பீரியடும் இல்லை. ஆகவே பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காக்ஸ்ஹெட் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை எடுத்துப் பதினொன்றாம் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். இயற்பியல், வேதியியல், வணிகவியல் ஆசிரியர்களையும் கூப்பிட்டு, அவரவர் பாடத்தில் அந்தச் சொல் வரும்போது ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிளஸ் டூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜூன் மாதமே தொடங்குங்கள்.